ஒரு பெண்ணுக்கு மூன்று பெயர்



இந்த இதழில் ஒரு சினிமாக் கதையைச் சொல்லப் போகிறோம். அதுவும் நம்ம ஊர் சினிமா இல்லை, அமெரிக்காவில் எடுத்த படம். "கடன், சேமிப்பு, பயிற்சி என்று எழுதுகிற இடத்தில் வெளிநாட்டுச் சினிமாவுக்கு என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். ஆனால் ஒரு கேள்வியை நம்மில் எல்லோருமே என்றாவது ஒரு நாள் கேட்டிருப்போம். "அவ நல்லா விவரமான பொண்ணாச்சே, அங்கே போய் எப்படி மாட்டுனா? மாட்டுனவ ஏன் வெளியே வரலை?" இந்தக் கேள்விக்கு இந்தப் படத்தைப் போல நிதானமாகப் பதில் சொன்ன கதை அதிகம் இல்லை. அதனால்தான் எழுதுகிறோம்.

படத்தின் பெயர் 'மார்த்தா மார்சி மே மார்லீன்'. 2011-இல் வந்தது. ஷான் டர்கின் என்பவர் எடுத்த முதல் முழுநீளப் படம். எலிசபெத் ஓல்சன் என்ற நடிகை மார்த்தாவாக நடித்திருக்கிறார். தலைப்பில் இருப்பது மூன்று பெண்களின் பெயர் என்று நினைத்துவிட வேண்டாம். மூன்றும் ஒரே பெண்ணின் பெயர்கள். மார்த்தா என்பது அவளுடைய சொந்தப் பெயர். மார்சி மே என்பது ஒரு ஆள் அவளுக்கு வைத்த பெயர். மார்லீன் என்பது அந்த இடத்தில் இருக்கும் பெண்களில் யார் போனை எடுத்தாலும் சொல்ல வேண்டிய பெயர். தன் பெயரில் தொடங்கி, அடுத்தவர் வைத்த பெயருக்குப் போய், கடைசியில் யாருடையதும் இல்லாத ஒரு பெயரில் வந்து நிற்கிறாள். கதை முழுவதும் இந்தத் தலைப்பிலேயே இருக்கிறது என்று சொல்லலாம்.

கதை இதுதான். ஒரு நாள் விடிகாலை, பண்ணை வீடு ஒன்றிலிருந்து ஒரு இளம்பெண் காட்டு வழியாக ஓடுகிறாள். நியூயார்க் மாநிலத்தில் கேட்ஸ்கில் என்ற மலைப்பகுதி அது. பக்கத்து ஊருக்கு வந்து சேர்ந்து, பொதுத் தொலைபேசியிலிருந்து அக்கா லூசிக்குப் போன் செய்கிறாள். இரண்டு வருஷமாக ஒரு தகவலும் இல்லாமல் இருந்த தங்கச்சி! அக்கா பதறிப்போய் வந்து, தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறாள். ஏரிக்கரையில் பெரிய வீடு. அக்காவும் அவள் கணவர் டெட்டும் விடுமுறைக்காக அங்கே தங்கியிருக்கிறார்கள். "எங்கே இருந்தே, என்ன ஆச்சு?" என்று கேட்டால், ஒருத்தனோடு இருந்தேன், ஒத்துவரவில்லை, வந்துவிட்டேன் என்று மட்டும் மார்த்தா சொல்கிறாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

அவள் இருந்த இடம் எப்படிப்பட்டது என்பது நமக்குத்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிகிறது. அந்தப் பண்ணையில் பேட்ரிக் என்றொரு ஆள். நடுவயதுக்காரர், ஒல்லியான உடம்பு, மெதுவான பேச்சு. அவரைச் சுற்றிப் பத்திருபது இளம் ஆண்களும் பெண்களும். காவி இல்லை, சிலுவை இல்லை, பூஜை இல்லை. ஆனாலும் அது ஒரு நம்பிக்கைக் கூட்டம்தான். வெளி உலகம் கெட்டது, நாம் மட்டுமே உண்மையாக வாழ்கிறோம், பேட்ரிக் சொல்வதே சரி என்ற நம்பிக்கை. எல்லோரும் சேர்ந்து தோட்ட வேலை செய்கிறார்கள். துணிமணி எல்லாம் பொது. ஆண்கள் சாப்பிட்டு முடித்த பிறகுதான் பெண்கள் சாப்பிட வேண்டும். பெண்கள் எல்லோரும் ஒரே அறையில் தரையில் படுத்துக்கொள்கிறார்கள். (ஆண்கள் சாப்பிட்ட பிறகு பெண்கள் சாப்பிடுவது அந்த ஊர்க்காரர்களுக்கு அதிர்ச்சியான காட்சி. நம்மில் பலர் அதைக் கவனிக்காமலே தாண்டிப் போய்விடுவோம். அது தனியாகப் பேச வேண்டிய விஷயம்.)

இந்த மாதிரி இடங்களைப் பற்றிப் பேசும்போது நாம் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறோம். உள்ளே போனவர்களை மிரட்டிக் கொண்டுபோனார்கள், மருந்து வைத்தார்கள், வசியம் செய்தார்கள் என்று நினைக்கிறோம். மார்த்தாவை யாரும் கட்டி இழுத்துக்கொண்டு போகவில்லை. அவள் தாயை இழந்தவள். அக்கா படிப்பு, வேலை என்று தன் வழியில் போய்விட்டவள். "நீ சாப்பிட்டியா?" என்று கேட்க ஆள் இல்லாத பெண். பண்ணைக்குப் போன முதல் நாளே பேட்ரிக் அவளைக் கூர்ந்து பார்த்துப் புதுப் பெயர் வைக்கிறார். பிறகு ஒரு நாள் எல்லோரும் உட்கார்ந்திருக்க, கிட்டாரை எடுத்து அவளுக்காகவே ஒரு பாட்டுப் பாடுகிறார். நீ சாதாரணமானவள் இல்லை, மற்றவர்களுக்கு வழிகாட்டக்கூடியவள் என்று சொல்கிறார். அவளிடம் அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அன்பு முதலில் வருகிறது, விலை பிறகுதான் வருகிறது. இந்த வரிசையை நாம் நன்றாகக் கவனிக்க வேண்டும்.

விலை என்ன என்றும் படம் காட்டுகிறது. ஒரு இரவு அவளுக்கு ஏதோ கலந்து குடிக்கக் கொடுத்து, மயக்கத்தில் இருக்கும்போது பேட்ரிக் அவளைக் கெடுக்கிறார். மறுநாள் அவள் உடைந்துபோய் இருக்கும்போது, அங்கிருக்கும் பெண்களே வந்து ஆறுதல் சொல்கிறார்கள். என்ன ஆறுதல்? "இது தப்பு இல்லை, இது உனக்குக் கிடைத்த பாக்கியம், எங்களுக்கும் இப்படித்தான் நடந்தது" என்கிற மாதிரி. நடந்தது கொடுமை என்று அவள் மனசு சொல்கிறது. அவளை அணைத்துக்கொண்டிருக்கும் பெண்கள் எல்லோரும் அன்பு என்று சொல்கிறார்கள். சொல்பவர்கள் எதிரிகள் இல்லை, சிநேகிதிகள். அப்போது யாரை நம்புவது? அவள் தன் மனசை நம்பாமல் விட்டுவிடுகிறாள்.

சினிமா என்பதால் மிகைப்படுத்திச் சொல்கிறார்கள் என்று நினைத்தால், உண்மையில் நடந்த ஒன்றையும் சொல்கிறோம். அது இந்தப் படத்தைவிடப் பல மடங்கு பெரியது.

ஜோன்ஸ்டவுன்

அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் என்ற நகரத்தில் 1950-களில் ஜிம் ஜோன்ஸ் என்ற வெள்ளைக்காரப் போதகர் 'மக்கள் ஆலயம்' என்று ஒரு சபையைத் தொடங்கினார். கறுப்பின மக்களும் வெள்ளையரும் ஒரே வரிசையில் உட்காராத காலம் அது. இவருடைய சபையில் ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஏழைகளுக்கு இலவசச் சாப்பாடு போட்டார். வயதானவர்களுக்கு இல்லம் நடத்தினார். ஹயசிந்த் த்ராஷ், சிப்போரா எட்வர்ட்ஸ் என்று உடன்பிறந்த இரண்டு கறுப்பினப் பெண்கள் அந்த ஊரில் இருந்தார்கள். டிவியில் அந்தச் சபையின் பாட்டுக் குழுவில் கறுப்பரும் வெள்ளையரும் கலந்து நின்று பாடுவதைப் பார்த்து, நமக்கான இடம் இதுதான் என்று போய்ச் சேர்ந்தார்கள். யோசித்துப் பாருங்கள். வாழ்நாள் முழுக்க ஒதுக்கி வைக்கப்பட்ட ஒருவருக்கு, சமமாக உட்கார ஒரு இடம் கிடைத்தால் போகமாட்டார்களா? அவர்கள் ஏமாளிகள் இல்லை. மானத்தைத் தேடிப் போனவர்கள்.

1965-இல் ஜோன்ஸ் கலிபோர்னியாவுக்கு இடம் மாறினார். பலர் வீடு வாசலை விட்டு அவர் பின்னால் போனார்கள். அரசியல்வாதிகள் அவரைப் பாராட்டினார்கள். சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் வீட்டு வசதி ஆணையத்துக்கு 1970-களில் அவரே தலைவராகவும் இருந்தார். வெளியிலிருந்து பார்த்தால் நல்ல மனிதர், சேவை செய்பவர். உள்ளே நடந்தது வேறு. உறுப்பினர்கள் அவரை 'அப்பா' என்றே கூப்பிட வேண்டும். புற்றுநோயைத் தொட்டுக் குணப்படுத்துகிறேன் என்று சொல்லி, மிருகத்தின் குடல் துண்டை எடுத்துக் காட்டி 'இதோ கட்டி வெளியே வந்துவிட்டது' என்று ஏமாற்றினார்கள். சம்பளம், வீடு, நிலம் எல்லாம் சபைக்கு எழுதிக் கொடுக்கப்பட்டன. வயதானவர்களின் மாதாந்திர ஓய்வூதியக் காசோலையும் நேராகச் சபைக்குத்தான் போனது. இரவு இரவாகக் கூட்டம் போட்டு, ஒருவரை நடுவில் நிறுத்தி, மற்றவர்கள் அவர் குற்றங்களைச் சொல்ல வேண்டும். கணவன் மனைவியைப் பற்றிச் சொல்வான், பிள்ளை தாயைப் பற்றிச் சொல்லும். சில நேரம் அடியும் விழும்.

இதையெல்லாம்விட நம் உறுப்பினர்களுக்குச் சட்டென்று புரியக்கூடிய ஒன்று இருக்கிறது. வெற்றுத்தாளில் கையெழுத்து! சபைக்காரர்களிடம் எதுவும் எழுதாத தாளில் கையெழுத்து வாங்கி வைத்தார்கள். செய்யாத குற்றத்தைச் செய்ததாக, பெற்ற பிள்ளையிடமே தவறாக நடந்ததாக எல்லாம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். "அப்பா மேல் உனக்கு நம்பிக்கை இருந்தால் போடு" என்பதுதான் காரணம். வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடக்கூடாது என்று நாம் ஒவ்வொரு பயிற்சியிலும் சொல்கிறோம். கடன் விஷயத்தில் எல்லோரும் உஷாராக இருப்போம். அன்பை நிரூபிக்கச் சொல்லி ஒருவர் தாளை நீட்டினால் அந்த உஷார் எங்கே போகிறதோ தெரியவில்லை.

சபையைப் பற்றிப் பத்திரிகைகளில் எழுதத் தொடங்கியதும், 1977-இல் ஜோன்ஸ் நூற்றுக்கணக்கானவர்களோடு தென் அமெரிக்காவில் உள்ள கயானா நாட்டுக்குப் போய்விட்டார். (1838 முதல் கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து கூலி ஆட்களைக் கப்பலில் ஏற்றிப் போனார்களே, அந்த நாடுதான். அவர்களில் தமிழர்களும் உண்டு.) அங்கே அடர்ந்த காட்டுக்குள் ஏற்கெனவே ஒரு குடியிருப்பைக் கட்டத் தொடங்கியிருந்தார்கள். பெயர் ஜோன்ஸ்டவுன். போனவர்களின் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஊருக்கு எழுதும் கடிதத்தை மேற்பார்வையாளர்கள் படித்த பிறகுதான் அனுப்புவார்கள். ஒலிபெருக்கியில் ஜோன்ஸின் குரல் நேரம் காலம் இல்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். சில ராத்திரிகளில் எல்லோரையும் எழுப்பி, எதிரி வருகிறான், சாகத் தயாராக இருங்கள் என்று ஒத்திகை பார்த்தார்கள்.

டெபோரா லேட்டன் என்ற இளம்பெண் 1978 மே மாதம் அங்கிருந்து தப்பினார். தலைநகரில் சபை வேலையாக இருந்தபோது அமெரிக்கத் தூதரகத்தில் உதவி கேட்டு வெளியேறினார். ஜூன் மாதம், அங்கே கூட்டச் சாவுக்கு ஒத்திகை நடக்கிறது என்று சத்தியப் பிரமாணம் எழுதிக் கொடுத்தார். உடனே யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நவம்பரில் லியோ ரயான் என்ற அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் நேரில் பார்க்கப் போனார். சிலர் அவரோடு கிளம்பிவிட்டார்கள். விமானம் ஏறும் இடத்தில் வைத்து அவரையும் இன்னும் 4 பேரையும் சபையின் ஆட்கள் சுட்டுக் கொன்றார்கள். அதே நாள், 1978 நவம்பர் 18, ஜோன்ஸ்டவுனில் விஷம் கலந்த பானத்தைக் கொடுத்தார்கள். குழந்தைகளுக்குத்தான் முதலில். எல்லா இடத்திலும் சேர்த்து அன்று இறந்தவர்கள் 918 பேர். அவர்களில் 300-க்கும் மேற்பட்டவர்கள் 18 வயதுகூட ஆகாதவர்கள். பெரியவர்களில் கறுப்பினப் பெண்கள் ஏராளம். 'கூட்டத் தற்கொலை' என்று இன்னும் பலர் எழுதுகிறார்கள். சுற்றித் துப்பாக்கி நிற்க, குழந்தை வாயில் விஷத்தை ஊற்றினால் அதற்குத் தற்கொலை என்று பெயர் இல்லை. அது கொலை.

அந்தக் கடைசிக் கூட்டத்தின் ஒலிப்பதிவு இன்றும் இருக்கிறது. 44 நிமிடம் ஓடும். அதில் ஒரு பெண் எழுந்து பேசுகிறார். பெயர் கிறிஸ்டின் மில்லர், வயது 60. சாவதைத் தவிர வேறு வழி இல்லையா, வேறு நாட்டுக்குப் போகலாமே, இந்தக் குழந்தைகள் வாழ வேண்டாமா என்று கேட்கிறார். ஜோன்ஸ் மழுப்புகிறார். அவர் விடாமல் கேட்கிறார். கடைசியில் அவர் வாயை அடைத்தது ஜோன்ஸ் இல்லை. கூட்டத்தில் இருந்தவர்கள்தான் கத்தி அவரை உட்கார வைத்தார்கள். மாதாமாதம் கூட்டம் நடத்துகிறவர்கள் நாம். ஒருத்தி எழுந்து 'இது சரியில்லை' என்று சொல்லும்போது மற்றவர்கள் கூச்சல் போட்டு உட்கார வைப்பது எப்படி இருக்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஹயசிந்த் அம்மாவுக்கு அதற்கு முன்பே ஜோன்ஸ் மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. வயது எழுபதைத் தாண்டியிருந்தது, நடக்கவும் சிரமம். அன்று மாலைக் கூட்டத்துக்கு அவர் போகவில்லை, தன் இடத்திலேயே படுத்துவிட்டார். சிப்போரா போனார். மறுநாள் காலை ஹயசிந்த் எழுந்து வெளியே வந்தபோது ஊரே செத்துக் கிடந்தது. உடன்பிறந்தவரும் அதில் ஒருவர்.

பூட்டு எங்கே இருக்கிறது?

இப்போது படத்துக்குத் திரும்பி வருவோம். பண்ணையில் பூட்டு இல்லை, முள்வேலி இல்லை. மார்த்தா தப்பி ஓடிய அன்றுகூட, ஒரு ஆள் அவளைத் தேடி வந்து சாப்பாட்டுக் கடையில் பிடித்துவிடுகிறான். பேசிவிட்டு, பண்ணைக்கு இழுத்துப் போகாமல் அப்படியே விட்டுவிட்டுப் போகிறான். அப்படியானால் இரண்டு வருஷம் அவளைக் கட்டி வைத்திருந்தது எது?

படம் இதற்குச் சொல்லும் பதில்தான் எங்களை உலுக்கியது. ஒரு கட்டத்தில் பண்ணைக்குப் புதிதாக இன்னொரு பெண் வருகிறாள். அவளைக் கனிவாகக் கவனித்துக்கொள்வது மார்த்தா. அந்தப் பெண்ணின் முதல் இரவுக்கு, மயக்க மருந்து கலந்த அதே பானத்தைக் கலக்கிக் கொடுப்பதும் மார்த்தாதான். தனக்குச் சொன்ன அதே ஆறுதல் வார்த்தைகளை அவளுக்குச் சொல்கிறாள். பிறகு இரவில் அடுத்தவர் வீடுகளில் புகுந்து திருடுகிற கூட்டத்திலும் அவள் இருக்கிறாள். ஒரு வீட்டில் வீட்டுக்காரர் கொல்லப்படுகிறார். அதற்கும் அவள் சாட்சி.

இதற்குப் பிறகு அவள் யாரிடம் போய் என்னவென்று சொல்வாள்? "என்னைக் கெடுத்தார்கள்" என்று மட்டும் சொல்ல வேண்டியிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பாள். "நானும் ஒருத்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்" என்பதைச் சொல்ல முடியுமா? பூட்டு அங்கேதான் இருக்கிறது. ஜோன்ஸின் கூட்டத்தில் பிள்ளை தாயைக் காட்டிக்கொடுத்ததும், பொய்க் குற்றத்தில் கையெழுத்துப் போட்டதும் இதே வேலையைத்தான் செய்தன. அவமானம் வெளியே தெரிந்துவிடும் என்ற பயத்தை ஒவ்வொருவர் கையாலேயே அவரவருக்குச் செய்து கொடுத்துவிட்டார்கள். அதனால் "அவ்வளவு கொடுமை நடந்திருந்தா அவ ஏன் வாயைத் திறக்கலை?" என்று இனிமேல் கேட்பதற்கு முன்னால், அவள் வாயைத் திறந்தால் தன்னைப் பற்றி எதையெல்லாம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

அக்கா வீட்டில் நடந்தது

லூசி நல்லவள்தான். தங்கச்சிக்குத் துணி கொடுக்கிறாள், சாப்பாடு கொடுக்கிறாள், மெத்தை போட்டுக் கொடுக்கிறாள். ஆனால் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சுவர். மார்த்தா துணியில்லாமல் ஏரியில் இறங்கிக் குளிக்கிறாள். ஒரு இரவு அக்காவும் அத்தானும் இருக்கும் படுக்கைக்கே வந்து ஓரத்தில் படுத்துக்கொள்கிறாள். பண்ணையில் தனி அறை, தனி உடம்பு என்பதே இல்லாமல் பழகியவளுக்கு இதில் தவறு தெரியவில்லை. அக்காவுக்கோ வெட்கம், எரிச்சல். "உனக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்கிறாள், திட்டுகிறாள், பிறகு அழுகிறாள். அத்தான் டெட், அடுத்து என்ன செய்யப் போகிறாய், எப்போது வேலைக்குப் போவாய் என்று கேட்கிறார். ஒரு நாள் வாக்குவாதத்தில் மார்த்தா, தான் ஒரு ஆசான், ஒரு தலைவி என்று கத்துகிறாள். பேட்ரிக் சொல்லிக் கொடுத்த வார்த்தைகள் அவை. ஆள் வெளியே வந்துவிட்டாள், வாயில் இருப்பது இன்னும் அவர் பேச்சுதான்.

படம் எடுத்த விதமும் இங்கே சொல்லத் தகுந்தது. அக்கா வீட்டில் தண்ணீரில் குதித்தால் பண்ணைக் குளத்தில் எழுகிறாள். இந்த வீட்டின் கதவைத் திறந்தால் அந்த வீட்டின் அறை. எது இன்றைக்கு நடப்பது, எது பழசு என்று பார்க்கிற நமக்கே குழப்பம் வரும். அவளும் அக்காவிடம் கேட்கிறாள்: மனசில் வருவது ஞாபகமா கனவா என்று தெரியாமல் போவது உனக்கு உண்டா என்று. பெரிய பயத்தில் வாழ்ந்துவிட்டு வந்தவர்களுக்கு இப்படி நேரிடுவதை மனநல மருத்துவர்களும் சொல்கிறார்கள். தூக்கம் கெடும், சின்னச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடும், நடந்தது மறுபடி நடப்பதுபோல் இருக்கும். பேய் பிடித்துவிட்டது என்றோ, கொழுப்பு என்றோ நினைத்துவிடக் கூடாது.

லூசி என்ன செய்திருக்கலாம்? எங்கள் கருத்தைச் சொல்கிறோம். கேள்வியைக் குறைத்திருக்கலாம். காய் நறுக்கும்போதும் துணி மடிக்கும்போதும் பக்கத்தில் உட்கார வைத்துச் சாதாரணப் பேச்சுப் பேசியிருக்கலாம். அந்த ஆளை முதல் நாளே திட்டத் தொடங்கினால், வந்தவள் அவனுக்காக வக்காலத்து வாங்குவாள். இது நாம் குடும்பங்களிலேயே பார்ப்பதுதான். ஜோன்ஸ்டவுன் விஷயத்திலும் இதே சிக்கல் இருந்தது. உள்ளே இருந்தவர்களின் உறவினர்கள் சேர்ந்து போராடினார்கள், மனுக் கொடுத்தார்கள், பத்திரிகையிடம் பேசினார்கள். அவர்கள் செய்தது சரி. ஆனால் அந்த எதிர்ப்பையே காட்டி, "பார்த்தீர்களா, உலகமே நம்மை அழிக்க வருகிறது" என்று ஜோன்ஸ் உள்ளே இருந்தவர்களை இன்னும் இறுக்கினார். சும்மா இருந்தாலும் ஆபத்து, எதிர்த்தாலும் ஆபத்து என்கிற நிலைமை. இதற்கு எளிதான விடை இருக்கிறது என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஒன்று மட்டும் தெரிகிறது. மார்த்தா ஓடி வந்த அன்று அவளுக்குக் கூப்பிட ஒரு நம்பர் இருந்தது. இரண்டு வருஷம் பேசாமல் இருந்தும் மறுமுனையில் அக்கா போனை எடுத்தாள், உடனே கிளம்பி வந்தாள். மற்ற எல்லாக் குறைகளையும் தாண்டி லூசி செய்த பெரிய காரியம் அதுதான். செல்போனைப் பிடுங்கிவிட்டால், மனப்பாடமாகச் சொல்ல நம்மிடம் எத்தனை நம்பர் இருக்கிறது என்று இதைப் படித்ததும் எண்ணிப் பாருங்கள்.

இரண்டே பேர் உள்ள கூட்டம்

நூறு பேர் இருந்தால்தான் இப்படி நடக்கும் என்பது இல்லை. ஒரு வீட்டுக்குள் இரண்டே பேருக்கு நடுவிலும் இதே வரிசையில் நடக்கும். முதலில் அன்பு மழை. "நீ இல்லாமல் நான் இல்லை" என்று நாளுக்கு ஐம்பது போன். பிறகு யாரோடு பேசுகிறாய், ஏன் சிரித்தாய், அந்தச் சிநேகிதி வேண்டாம், அம்மா வீட்டுக்குப் போக வேண்டாம். பிறகு சம்பளம், ஏடிஎம் கார்டு, செல்போன் ரகசிய எண். ஒவ்வொன்றும் அன்பின் பேரிலேயே கேட்கப்படும். அடி விழாமலே ஒருத்தியின் உலகத்தைச் சின்ன அறையாகச் சுருக்கிவிடலாம். ஈவன் ஸ்டார்க் என்ற அமெரிக்க ஆய்வாளர் 2007-இல் இதைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். 2015-இல் இங்கிலாந்தில் இப்படிக் கட்டுப்படுத்துவதையே தனிக் குற்றமாக்கிச் சட்டம் வந்தது. 5 ஆண்டு வரை சிறை.

நம் நாட்டிலும் 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் அடிப்பதை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. மனதைப் புண்படுத்துவதும், பணத்தையும் உடைமையையும் பறித்து வைப்பதும் அதில் அடங்கும். திருமணம் ஆகாமல் ஒரே வீட்டில் சேர்ந்து வாழ்பவர்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் இதற்கென்று பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒருவன் பின்னாலேயே வருவதும், போன், இணையம் வழியாகத் தொடர்வதும் 2013 முதல் தனிக் குற்றம். 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் இருக்கிறது. பெண்களுக்கான உதவி எண் 181. மனசு சம்பந்தப்பட்ட உதவிக்கு 14416 என்ற எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இவை இரண்டும் மனப்பாடம் செய்ய எளிதான நம்பர்கள்.

படத்தைப் பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பெரியவர்களுக்கான படம் இது, பிள்ளைகளை வைத்துக்கொண்டு பார்க்க முடியாது. இப்படி ஒரு கொடுமையை நேரில் அனுபவித்தவர்கள் தனியாக உட்கார்ந்து பார்க்காமல் இருப்பது நல்லது. முடிவைப் பார்த்துச் சிலருக்குக் கோபமும் வரும். அக்காவும் அத்தானும் மார்த்தாவை ஒரு சிகிச்சை இடத்தில் சேர்க்கக் காரில் கூட்டிப் போகிறார்கள். வழியில் ஒரு ஆள் காருக்குக் குறுக்கே ஓடுகிறான், பிறகு வேறு காரில் ஏறி இவர்கள் பின்னாலேயே வருகிறான். அவன் பண்ணை ஆளா, வழிப்போக்கனா என்று படம் சொல்லவே இல்லை. பின் சீட்டில் உட்கார்ந்திருக்கும் மார்த்தாவின் முகத்தைக் காட்டி, அப்படியே முடித்துவிடுகிறார்கள். "இது என்ன முடிவு?" என்று கேட்கத் தோன்றும். எங்களுக்கு அது சரியாகவே பட்டது. அவள் பண்ணையை விட்டு வந்து சில நாள்தான் ஆகிறது. இன்னும் பல மாதங்களுக்கு, பின்னால் வருகிற ஒவ்வொரு காரையும் அவள் அப்படித்தான் திரும்பிப் பார்ப்பாள்.